மடற்குழுவா, கருத்துக்களமா?

கட்டற்ற மென்பொருள்களின் இடைமுகத்தைத் தமிழாக்கும் தன்னார்வலர் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பெயருக்கு இருநூறு பேர். கை வைத்து வேலை செய்கிறவர்கள் முப்பது பேரைத் தாண்ட மாட்டார்கள். எங்கள் பேச்சு முழுவதும் இப்போது வாட்ஸ்அப்பில் நடக்கிறது. ‘டிஃபால்ட்’ என்ற சொல்லுக்கு ‘இயல்பிருப்பு’ போதுமா, ‘முன்னிருப்பு’ வேண்டுமா, ‘இயல்புநிலை’ என்று வைத்தால் ‘நார்மல்’ என்பதோடு குழம்பிவிடாதா என்று தை மாதத்தில் மூன்று நாள் வாதாடி ஒரு முடிவுக்கு வந்தோம். ஆடியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். முடிவு என்ன என்பது சிலருக்கு நினைவிருந்தது; அதற்குச் சொன்ன காரணங்களை எடுத்துக்காட்ட ஒருவராலும் முடியவில்லை. காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் அடியில் எங்கோ அவை புதைந்துகிடந்தன. மறுபடியும் மூன்று நாள் வாதம் நடந்தது. இம்முறை முடிவு வேறாக அமைந்தது.

குழுவுக்கு நிலையான ஓர் உரையாடல் இடம் வேண்டும் என்பதில் இப்போது எவருக்கும் மாற்றுக் கருத்தில்லை. மூத்தவர்கள் பழையபடி, ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போகும் மடற்குழுவுக்கே திரும்பலாம் என்கிறார்கள். இளையவர்கள், எல்லோரும் ஒரே தளத்துக்கு வந்து எழுதும் இணையக் கருத்துக்களம் ஒன்றை நிறுவலாம் என்கிறார்கள். தொடர்ச்சியான ஓர் உரையாடலை முன்னவர்கள் ‘இழை’ என்பதும் பின்னவர்கள் ‘திரி’ என்பதும்கூட அவரவர் எங்கிருந்து வந்தவர்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வகையிலும் உரையாடலை நெறிப்படுத்தும் மட்டுறுத்துநராக இருந்து அடிபட்டவன் என்பதால், முடிவெடுக்கும் முன் இரண்டையும் எடைபோட்டு எழுதுமாறு என்னைக் கேட்டார்கள்.

மடற்குழுவில் கடிதம் வீடு தேடி வரும், கருத்துக்களத்துக்கு நாம் போக வேண்டும் என்பது எல்லோரும் சொல்லும் வேறுபாடு. அது சரிதான். ஆனால் என் அனுபவத்தில் அதைவிட ஆழமான வேறுபாடு, பிரதி யார் கையில் இருக்கிறது என்பது. மடற்குழுவில் ஒருவர் எழுதிய மடல் இருநூறு அஞ்சல்பெட்டிகளுக்குப் பிரிந்து போய்விடுகிறது. அதன் பிறகு அது இருநூறு பேருக்கும் சொந்தம். கருத்துக்களத்தில் ஒரே பிரதிதான் உண்டு. அது வழங்கியில் (சர்வரில்) இருக்கிறது, அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் காட்டப்படுகிறது. இரண்டின் நன்மை தீமைகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. பல கைகளில் பிரதி இருப்பதால் மடல் எளிதில் அழியாது. அதே காரணத்தால் அதைத் திருத்தவும் முடியாது. ஒரே பிரதி என்பதால் களத்தில் எதையும் திருத்தலாம், நகர்த்தலாம், பிரிக்கலாம். அந்த வழங்கி போனால் எல்லாமும் போகும்.

தமிழ்க் கணிமையின் தொடக்கக் காலம் மடற்குழுக்களின் காலம் என்பதை இளையவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1990களின் பிற்பாதியில் தமிழ்.நெட் மடற்குழுவைச் சுற்றி, மலேசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் சுவிட்சர்லாந்திலும் வட அமெரிக்காவிலும் இருந்தவர்கள் எழுத்துருக்களைப் பற்றி வாதாடி, ஆளுக்கொரு குறியீட்டில் எழுதிக்கொண்டிருந்த நிலையை மாற்ற ‘தஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களை மின்னஞ்சல் வழியாகவே ஒருங்கிணைத்துப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்தது. தொலைபேசிக் கம்பி வழியே இணைப்புப் பெற்று நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்திய அந்நாளில், மடல்களை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, நிதானமாகப் படித்து, பதிலையும் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அனுப்பலாம் என்பது சிறிய வசதியன்று. அந்த வசதி எழுத்தின் தரத்தையும் பாதித்தது என்று நினைக்கிறேன்: இரண்டு பத்திக்குக் குறைந்த மடல் அன்று அரிது. பிறகு வந்த யாஹூ குழுமங்களில் அகத்தியர், மரத்தடி போன்றவை இலக்கியப் பேச்சுக்கு அதே மரபைத் தொடர்ந்தன.

அந்த யாஹூ குழுமங்களின் முடிவு இந்த ஒப்பீட்டில் ஒதுக்கிவிட முடியாத பாடம். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அம்மாத இறுதியிலேயே புதிதாக எதையும் ஏற்ற முடியாமல் போனது. டிசம்பரில் இணையத்தில் இருந்த பழைய மடல்களும் கோப்புகளும் நீக்கப்படத் தொடங்கின. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. கோப்புகளையும் படங்களையும் குழுமத்தின் பக்கத்தில் மட்டும் வைத்திருந்து, உரிய நேரத்தில் இறக்கிக்கொள்ளாதவர்கள் அவற்றை இழந்தார்கள். மடல்களைத் தம் அஞ்சல்பெட்டியில் பெற்று வந்தவர்களிடம் மடல்கள் மிஞ்சின. எங்கள் குழுவின் பழைய உறுப்பினர் ஒருவர் எதையும் அழிக்காத பழக்கமுடையவர். அந்தப் பழக்கத்தை நாங்கள் கேலி செய்ததுண்டு. இன்று எங்களிடம் இருக்கும் பத்தாண்டு மடல்கள் அவருடைய கணினியில் இருந்து வந்தவை.

ஆனால் மடல்கள் மிஞ்சுவது ஒன்று, அவை பயன்படுவது வேறொன்று. அவர் கொடுத்த கோப்பைத் திறந்து ‘இயல்பிருப்பு’ என்று தேடினேன். ஒன்றுமே கிடைக்கவில்லை. அந்தச் சொல்லைப் பற்றி அங்கே நாற்பது மடலாவது இருக்கும் என்று எனக்குத் தெரியும். காரணம் இதுதான்: பழைய அஞ்சல் நெறிமுறை ஆங்கில எழுத்துகளை மட்டுமே எதிர்பார்த்துச் செய்யப்பட்டது, ஆகவே தமிழ் மடலை அனுப்பும்போது பெரும்பாலான செயலிகள் அதை ‘பேஸ்64’ என்ற முறையில் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றி அனுப்புகின்றன. இன்றைய பொதுக் குறியீடான யுனிகோடைச் சேமிக்கும் யூட்டிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டு. பேஸ்64 மூன்று பைட்டை நான்கு ஆங்கில எழுத்தாக்கும். கணக்கு ஒத்துப்போகிறதே என்று மகிழ்ந்தால், இடையில் வரும் ஓர் இடைவெளி ஒரே பைட்டு என்பதால் அடுக்கு ஒன்று நகர்ந்துவிடுகிறது. எனவே வரியில் எந்த இடத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து ஒரே தமிழ்ச் சொல் மூன்று வேறு உருவங்களில் தோன்றும். யுனிகோடுக்கு முற்பட்ட தஸ்கி மடல்களின் நிலை இன்னும் மோசம். அவை இன்றைய திரையில் மேலைமொழி எழுத்துகளின் குப்பையாகத் தெரிகின்றன. எல்லாவற்றையும் மறுகுறியீடு செய்து படிக்கத்தக்கதாக்கச் சிறு நிரல் ஒன்றை எழுதிச் சீர்செய்ய எனக்கு இரண்டு வார இறுதிகள் பிடித்தன. எல்லோர் கையிலும் பிரதி இருக்கிறது என்று மடற்குழுவின் ஆதரவாளர்கள் பெருமையாகச் சொல்லும்போது, அந்தப் பிரதி இந்த நிலையில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருத்த முடியாமையால் வரும் துன்பத்துக்கு ஒரு நிகழ்ச்சியே போதும். உறுப்பினர் ஒருவர், மூத்த உறுப்பினர் ஒருவரின் மொழிநடையைப் பற்றி எனக்கு மட்டும் எழுதுவதாக நினைத்து, கொஞ்சம் காரமாகவே எழுதினார். அது குழு முழுவதற்கும் போனது. ‘பதிலளி’ என்பதை அழுத்தினால் எழுதியவருக்குப் போக வேண்டுமா, குழுவுக்குப் போக வேண்டுமா என்பது மடற்குழுக்களில் தீராத பழைய வழக்கு. எங்கள் குழுவில் குழுவுக்கே போகும்படி அமைத்திருந்தோம். மட்டுறுத்துநராகிய நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காப்பகத்தில் இருந்து நீக்கலாம். இருநூறு பெட்டிகளில் இருந்து நீக்க முடியாது. எழுதியவர் மன்னிப்புக் கேட்டு இன்னொரு மடல் எழுதினார், அதுவும் இருநூறு பேருக்கும் போனது, பிறகு குழுவைவிட்டே விலகினார். நல்ல மொழிபெயர்ப்பாளர். கருத்துக்களமாக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அந்தப் பதிவை மறைத்திருப்பேன். பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேராகவே இருந்திருப்பார்கள்.

மடற்குழு நடத்துவது முன்பு எளிதாக இருந்தது, இப்போது அப்படியில்லை. 2014 ஏப்ரலில் யாஹூ, தன் முகவரியில் இருந்து வருவதாகச் சொல்லிக்கொண்டு தன் வழங்கியில் இருந்து வராத மடல்களை ஏற்க வேண்டாம் என்று ‘டிமார்க்’ முறையில் அறிவித்தது. போலி மடல்களைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் மடற்குழு வழங்கியின் வேலையே உறுப்பினரின் பெயரில் வந்த மடலை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்புவதுதான். யாஹூ உறுப்பினர் எழுதிய மடல்களை ஜிமெயில் திருப்பி அனுப்பியது; திரும்பிய மடல்களை எண்ணிப் பார்த்த மடற்குழு மென்பொருள், பாவம் ஒன்றும் அறியாத ஜிமெயில் உறுப்பினர்களின் முகவரிகளைச் செயலிழந்தவை என்று கருதி நீக்கியது. இதற்கு மாற்றாக, அனுப்புநர் முகவரியில் குழுவின் முகவரியையே இட்டு, இன்னார் வழியாக என்று காட்டும் முறை வந்தது. யார் எழுதியது என்பது மங்கிப்போக, தனிமடல் தவறிப் பொதுவில் விழும் வாய்ப்பு இன்னும் கூடியது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குக் கூடுதல் விதிகளைக் கூகுள் நடைமுறைப்படுத்தியது. 5,000 என்பது வணிக நிறுவனங்களுக்கான எண் என்று தோன்றலாம். முந்நூறு பேர் கொண்ட குழுவில் சூடான விவாதம் நடக்கும் நாளில் இருபது மடல் வந்தால் 6,000 ஆகிவிடும். சொந்த வழங்கியில் மடற்குழு நடத்துவதை எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கூகுள் குழுமம் இந்தத் தொல்லைகளை ஏற்றுக்கொள்ளும்; ஆனால் ஒரு நிறுவனத்தின் தயவில் இருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை யாஹூவிடம் ஏற்கெனவே கற்றுவிட்டோம்.

பெரிய கட்டற்ற திட்டங்கள் என்ன செய்தன என்பதையும் பார்க்கலாம். பைதான் நிரல்மொழியில் 2018ஆம் ஆண்டு, ஒரு கணக்கீட்டுக் கோவைக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்பளிக்கும் ஒரு குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய 572ஆம் எண் முன்மொழிவு, மடற்குழுக்களில் கட்டுக்கடங்காத விவாதமாக வளர்ந்தது. அந்தச் சச்சரவில் களைத்துப்போன அம்மொழியின் படைப்பாளர் கைடோ வான் ராசம் அவ்வாண்டு ஜூலையில் தலைமைப் பொறுப்பில் இருந்து விலகினார். விவாதம் முழுவதையும் மடற்குழுவின் தலையில் கட்டுவது நியாயமாகாது. ஆனால் ஓர் இழையைப் பிரிக்கவோ, வேகத்தைக் குறைக்கவோ, முன்பே பதில் சொல்லப்பட்ட கேள்விகளை ஓரிடத்தில் காட்டவோ மடற்குழுவில் வழியில்லை என்பதும் உண்மை. 2022இல் பைதானின் மேம்பாட்டு விவாதங்கள் ‘டிஸ்கோர்ஸ்’ என்ற கருத்துக்கள மென்பொருளுக்கு மாறின. நிரல்தொகுப்பிக் கருவிகளை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டமும் அதே ஆண்டில் அங்கே சென்றது; லினக்ஸ் திரைமுகப்பான ஜிநோம் அவ்வாண்டில் தன் மடற்குழுக்களை மூடியது. எதிர்ப்பக்கத்தில் லினக்ஸ் கருநிரல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், டெபியன் இயங்குதளம் ஆகியவை மடற்குழுவைவிட்டு நகரவில்லை.

மாறாதவர்களை முரட்டுப் பிடிவாதக்காரர்கள் என்று எங்கள் இளையவர்கள் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. லினக்ஸ் கருநிரலில் மடல் என்பது வெறும் பேச்சன்று. நிரலில் செய்யும் மாற்றமே மடலாகத்தான் அனுப்பப்படுகிறது. அந்த மடலின் வரிகளுக்கு நடுவில் குறை சொல்லி எழுதுகிறார்கள், திருத்திய மாற்றம் அடுத்த மடலாக வருகிறது, ஏற்கிறவர் அந்த மடலையே தம் நிரல்தொகுப்பில் சேர்க்கிறார். நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ மென்பொருளிலேயே, மாற்றத்தை மடலாக மாற்றவும் மடலில் இருந்து எடுத்துக்கொள்ளவும் கட்டளைகள் உள்ளன. காப்பகம் முழுவதையும் யாரும் தம் கணினிக்குப் பிரதி எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். அங்கே பங்குபெறுகிறவர்கள் நாள் முழுவதும் அஞ்சல்பெட்டியோடு வாழ்கிறவர்கள். எங்கள் ஆட்கள் அப்படிப்பட்டவர்களா என்பதே கேள்வி.

இல்லை. எங்களில் நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மின்னஞ்சல் என்பது வங்கி அறிக்கையும் பயணச்சீட்டும் வந்து விழும் இடம். படங்களையும் சேர்த்து 15 ஜிபி நிரம்பி, புதிய மடலே ஏற்காத பெட்டிகள் எங்கள் பட்டியலில் பல. கடிதம் வீடு தேடி வருகிறது என்பது உண்மை. வீட்டில் ஆள் இல்லை.

கருத்துக்களத்துக்கு ஆள் வருவார்களா என்று மூத்தவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. தமிழில் களங்கள் வாழ்ந்திருக்கின்றன: யாழ் இணையத்தின் கருத்துக்களம் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் பேச்சுக்கு நீண்ட காலம் திண்ணையாக இருந்து வருகிறது. அங்கே செய்தி உண்டு, சண்டை உண்டு, நாள்தோறும் திரும்பி வரக் காரணம் உண்டு. கலைச்சொல்லுக்காக நாள்தோறும் ஒரு தளத்தைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? முன்பு நான் பார்த்துக்கொண்ட ஒரு களத்தில் முதல் மாதம் அறுபது திரிகள் வந்தன, ஆறாம் மாதம் நான்கு. அந்த நான்கில் இரண்டு, களம் ஏன் இப்படி வெறிச்சோடிக் கிடக்கிறது என்று கேட்டவை.

இருந்தும் எங்கள் வேலைக்குத் தேவையானது களத்தில்தான் கிடைக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு திரி. முதல் பதிவைப் பலரும் திருத்தக்கூடியதாக வைத்து, முடிவையும் காரணங்களையும் அங்கே சுருக்கி எழுதலாம். முடிவு மாறினால் அதே இடத்தில் மாற்றலாம், முந்தைய வடிவமும் வரலாற்றில் இருக்கும். அரட்டை கிளை பிரிந்தால் அதை வேறு திரியாக வெட்டி எடுக்கலாம். புதியவர் கேள்வி கேட்கக் குழுவின் எல்லா மடல்களையும் வாங்கத் தொடங்க வேண்டியதில்லை. பதிவு செய்யாமலே படிக்கலாம்.

தேடலில் மட்டும் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டும்போது ஈற்றையும் மாற்றிவிடுகிறது. ‘இயல்பிருப்பு’ என்று தேடினால் ‘இயல்பிருப்பை’, ‘இயல்பிருப்பில்’ என்று எழுதிய பதிவுகள் அகப்படாது; சொல்லின் முன்பகுதியை வைத்துத் தேடும் வழியும் கைவிடும், ஏனென்றால் கடைசி உயிர்க்குறியே வேறாகிவிட்டது. கடைசிக் குறியை விட்டுவிட்டுத் தேடப் பழக வேண்டும், அல்லது திரிக்குக் குறிச்சொல் இட வேண்டும். இந்தக் குறை அஞ்சல்பெட்டியிலும் உண்டு. முகவரியிலும் ஒரு சிறு தொல்லை: தமிழ்த் தலைப்பு இணைய முகவரியில் இடம்பெற்றால், நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளோடு ஒன்பது எழுத்தாக விரிந்து, வாட்ஸ்அப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு சரமாகக் கிடக்கும். திரியின் எண் மட்டும் முகவரியில் வரும்படி தொடக்கத்திலேயே அமைத்துவிடுவது நல்லது.

செலவைப் பொறுத்தவரை, பிஎச்பிபிபி போன்ற பழைய கருத்துக்கள மென்பொருள்கள் மலிவான பகிர்வு வழங்கியிலேயே ஓடும். டிஸ்கோர்ஸுக்குக் குறைந்தது 1 ஜிபி நினைவகமுள்ள தனி வழங்கி வேண்டும். மாதம் ஏறத்தாழ ஐந்நூறு ரூபாய். இருநூறு பேர் குழுவுக்கு இது பணப் பிரச்சினையன்று; யாருடைய கடனட்டையில் இருந்து போகிறது என்பதுதான் பிரச்சினை. அந்த ஒருவர் வேலை மாறி, அட்டை காலாவதியாகி, நினைவூட்டல் மடல் அவருடைய நிரம்பிய பெட்டிக்குப் போய்ச் சேராமல் அழிந்த தமிழ்க் களங்களைப் பட்டியலிட்டால் நீளும்.

டிஸ்கோர்ஸில் மடற்குழு நிலை என்று ஓர் அமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு பதிவும் மடலாகப் போகும். அவர்கள் மடலிலேயே பதில் எழுதலாம், அது களத்தில் உரிய திரியில் போய்ச் சேரும். இதனால் இரண்டு தரப்பும் சமாதானமாகிவிடும் என்று சிலர் சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. மடலில் படிப்பவருக்குப் பின்னால் நடந்த திருத்தங்கள் தெரியாது. அவர் பழைய வடிவத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பதில்களை வாங்கத் தனி அஞ்சல்பெட்டி ஒன்றையும் அமைக்க வேண்டும். ஆனால் பதிவுகளின் பிரதி சில உறுப்பினர்களின் அஞ்சல்பெட்டிகளில் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதற்காகவே இந்த அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே என் வாக்கு கருத்துக்களத்துக்கு, மூன்று நிபந்தனைகளோடு. எதையும் அழிக்காத அந்தப் பெரியவரையும் சேர்த்துக் குறைந்தது பத்துப் பேராவது மடற்குழு நிலையை ஏற்க வேண்டும். தரவின் காப்பு நாள்தோறும் இரவில் எடுக்கப்பட்டு, வெவ்வேறு ஊர்களில் உள்ள மூவரின் கணினிகளில் சேர வேண்டும். வழங்கிக் கட்டணத்தையும் இணைய முகவரிக்கான (டொமைன்) கட்டணத்தையும் இருவர் பெயரில் முன்கூட்டியே செலுத்த வேண்டும். வாட்ஸ்அப் குழுவை மூடக் கூடாது. ஆனால் அங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச்சு தொடங்கினால், முதலில் பார்க்கிறவர் களத்தின் திரிக்குச் சுட்டி கொடுத்துப் பேச்சை அங்கே திருப்ப வேண்டும்.

பத்தாண்டு மடல்களைக் களத்தில் ஏற்றும் வேலையை நானே எடுத்துக்கொள்கிறேன். மடல்களைச் சேர்த்து வைக்கும் எம்பாக்ஸ் கோப்பில் இருந்து இறக்குமதி செய்ய டிஸ்கோர்ஸில் நிரல் இருக்கிறது, மறுகுறியீடு செய்த கோப்பும் கைவசம் உள்ளது. சீர்செய்த பிறகு அதில் ‘இயல்பிருப்பு’ பற்றி நாற்பது அல்ல, ஐம்பத்திரண்டு மடல்கள் கிடைத்தன. தையிலும் ஆடியிலும் நாங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் அவற்றில் ஏற்கெனவே இருக்கின்றன, எங்களில் ஒருவருக்கும் தோன்றாத இரண்டும் இருக்கின்றன.